கூடாரத்திற் பிறந்த ஜிப்ஸி ஸ்மித்

ஒரு குலத்தாரைப் பிறர் இகழ்ந்து வழங்கும் பெயர், அக்குலத்திற் பிறந்தான் ஒருவனது செவியில் விழுங்கால், அவன் செய்யக்கூடியன பெரும்பாலும் இரண்டே. அப்பெயரை மறைத்து, பிறரைப்போல் உடுத்து, பிறரைப்போற் பேசி, ஊராரோடு கலந்து மறைந்துபோவது ஒன்று. சினந்து பூசலிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் விடுத்து, அவ்விகழ்ச்சிப் பெயரையே தம் பெயருக்கு முன்னே சூட்டிக்கொண்டு, எழுபதாண்டுக் காலம் அப்பெயரோடே மேடையேறி, கேட்போர் அதனை மரியாதையோடு உச்சரிக்கும்படி செய்தவர் ஒருவர் உண்டு. அவரே ரோட்னி ஸ்மித் என்பவர். உலகம் அவரை ஜிப்ஸி ஸ்மித் என்றே அறியும். பள்ளிக்கூட வாசலையும் சரியாய் மிதியாத இவரது சரித்திரத்தைக் கல்லூரி மாணவராகிய நம்மவர் அறிதல் நன்றெனக் கருதி, ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

அவரது வாழ்க்கையைக் கூறுமுன் அவர் குலத்தைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஜிப்ஸியர் என்போர் எகிப்து தேசத்திலிருந்து வந்தவர் என ஆங்கிலேயர் பண்டு எண்ணினர். அவ்வெண்ணத்தால் எழுந்ததே அப்பெயர். அவர்களோ தம்மை ரோமானி மக்கள் என்பர். அவர்கள் பேசும் மொழியை ஜெர்மானியப் புலவராகிய ரூடிகர் 1782-ஆம் ஆண்டிலும், கிரெல்மன் 1783-ஆம் ஆண்டிலும் ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே, அது இந்திய தேசத்து வடமொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததென்பது உலகிற்குப் புலனாயிற்று. நீரை அவர்கள் பானி என்பர். மனிதன் மனுஷ், கனவான் ராய், சீமாட்டி ராணி. நாம் இறந்தோர் நினைவுநாளுக்கு வழங்கும் திவசம் என்னும் சொல் அவர்கள் வாயில் திவஸ் என நாள் என்னும் பொருளிலே வழங்குகின்றது. நமது ஸ்தானம் அவர்களுக்குத் தான்; தங்குமிடம் என்பது அதன் பொருள். இச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக. பின்னே அது வரும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் நம் தேசத்தின் வடபாகத்தை விட்டு, பாரசீகத்தையும் கிரேக்க நாடுகளையும் கடந்து சென்ற மக்கள், ஊரும் உடைமையும் இழந்தாராயினும் இச்சொற்களை இழந்திலர். நம் நாட்டு நரிக்குறவரோடு அவரை ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். வாழ்க்கை முறையில் ஒற்றுமை தோன்றினும், இரு குலத்தாரும் ஒருவரே என்பதற்குத் தக்க சான்று இல்லை.

இங்கிலாந்தில் அவர்கள் பட்ட பாடு பெரிது. 1530-ஆம் ஆண்டில் அவர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுத்துச் சட்டம் பிறந்தது. 1554-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒரு மாதத்திற்குமேல் அந்நாட்டில் தங்கும் ஜிப்ஸிக்கு மரண தண்டனை என விதித்தது. ஒருவன் களவு செய்தானா, கொலை செய்தானா என்னும் கேள்வியே இல்லை. ஜிப்ஸியாய் இருப்பதே குற்றம். இக்கொடிய சட்டங்களில் ஒன்று நீக்கப்பட்டது 1783-ஆம் ஆண்டில், அஃதாவது கிரெல்மனுடைய நூல் வெளிவந்த அதே ஆண்டில். தூக்குமரம் போயினும் தொல்லை போயிற்றில்லை. 1835-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, பாதையோரத்திற் கூடாரம் அடிக்கும் ஜிப்ஸிக்கு நாற்பது ஷில்லிங் வரை அபராதம். ஊர்ப் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் சட்டங்களும் அக்காலத்தே ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. பொதுநிலமும் போய், பாதையோரமும் போனால், வண்டியை எங்கே நிறுத்துவது?

ஆயினும் அந்நாட்டுக் கிராமவாசிகள் இவர்களை வெறுத்த அளவிற்கு இவர்களாற் பயனும் பெற்றனர் என்பதை மறத்தலாகாது. கோடையில் பட்டாணி பறிக்கவும், வைக்கோற்புல் அறுக்கவும், செப்டம்பர் மாதத்தில் கெண்ட் நாட்டில் ஹாப்ஸ் என்னும் கொடியின் காய்களைப் பறிக்கவும், பின்பு உருளைக்கிழங்கு அகழவும் குடியானவனுக்குச் சில வாரங்களுக்கு மட்டும் பல கைகள் வேண்டும். அக்கைகள் ஜிப்ஸியருடைய கைகள். வேலை முடிந்தபின் அவர்கள் அங்கே இருத்தல் கூடாது என்பது ஊராரின் விருப்பம். வேலியோரத்து வளாரை வெட்டித் துணி உலர்த்தும் மரக்கவ்விகளைச் செதுக்குவர், கூடை முடைவர், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவர், ஓட்டைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவர், கத்தி சாணை பிடிப்பர். குதிரையின் பல்லைப் பார்த்து வயதையும், நடையைப் பார்த்து நோயையும் கூறும் வித்தை அவர்களுடையது. வெஸ்ட்மர்லந்து நாட்டில் ஏடன் நதிக்கரையிலுள்ள ஆப்பிள்பி என்னும் ஊரில் ஜூன் மாதந்தோறும் கூடும் குதிரைச் சந்தை இன்றும் அவர்களுடைய பெருவிழாவாக விளங்குகின்றது. திருவிழாக்களிலும் கலியாணங்களிலும் பிடில் வாசிப்போரும் அவர்களே. அவர்கள் அழுக்கர் என்பது பிறர் கொண்ட எண்ணம். உண்மையோ வேறு. முகங்கழுவும் பாத்திரத்தில் உணவுப் பாத்திரத்தைக் கழுவினால் அதனைத் தீட்டென்று உடைத்தெறியும் ஆசாரம் அவர்களுடையது. நம் பாட்டிமார் இதனைக் கேட்டால் மகிழ்ந்திருப்பர்.

இத்தகைய குடும்பம் ஒன்றிலே, லண்டன் மாநகரை அடுத்த எப்பிங் காட்டில், வான்ஸ்டெட் என்னும் ஊருக்கு அருகே, 1860-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் நாள் கூடாரத்துள் ரோட்னி பிறந்தார். தந்தை கொர்நேலியு ஸ்மித், தாய் மேரி. கொர்நேலியு கூடையும் தகரச் சாமானும் மரக்கவ்வியும் செய்து, குதிரை வியாபாரமும் நடத்தி, இரவில் மதுக்கடைகளிற் பிடில் வாசித்துக் காசு சேர்ப்பவர். தந்தை வாசிக்க மைந்தன் ஆடுவான். பிறகு தொப்பியை ஏந்திக் கூட்டத்தைச் சுற்றிவருவான். அவ்வாறு சேர்ந்த காசுகளிற் சில தந்தை கைக்கு வந்து சேராத கதையைப் பிற்காலத்திலே தம் சுயசரிதையில் ஸ்மித் தாமே எழுதியுள்ளார்.

ரோட்னிக்கு ஐந்து வயதாகும்போது நேர்ந்த துன்பத்தைச் சிறிது விரித்துக் கூறாமல் இருத்தல் இயலாது. குடும்பம் ஹெர்ட்போர்டு நாட்டில் பிரயாணம் செய்கையில் மூத்த மகள் எமிலி நோயுற்றாள். பால்டக் என்னும் சிற்றூரில் மருத்துவரிடம் காட்டினர். அவர் கண்டது வைசூரி. உடனே ஊரைவிட்டு அகலும்படி ஆணையாயிற்று. ஒன்றரை மைல் தொலைவில் நார்ட்டன் என்னும் கிராமத்தை அடுத்த ஒரு சந்துப் பாதையே அவர்களுக்குக் கிடைத்த இடம். தந்தை தாய்க்கும் நோயற்ற பிள்ளைகட்கும் அங்கே ஒரு கூடாரம் அமைத்தார். கூண்டு வண்டியைச் சிறிது தொலைவிற்கு ஓட்டிச் சென்று அதனையே ஆஸ்பத்திரியாக்கி, நோயாளிகளுடன் தாம் இருந்தார். சிறிது நேரத்தில் இன்னொரு பிள்ளைக்கும் நோய் கண்டது. தாய் உணவு சமைத்துக் கூடாரத்திற்கும் வண்டிக்கும் நடுவே ஓரிடத்தில் வைத்துவிட்டுத் திரும்புவாள். தந்தை வந்து எடுத்துச் செல்வார். நாளுக்கு நாள் அவள் அவ்வெல்லையைக் கடந்து வண்டியை நெருங்கி நெருங்கிச் சென்றாள். பெற்ற வயிறு எல்லையை அறியுமோ? கணவர் எச்சரித்தும் பயனில்லாதுபோயிற்று. நோய் அவளையும் பற்றிற்று. அந்நிலையிலேயே ஒரு குழந்தையும் பிறந்தது.

கொர்நேலியு முன்னொருகாற் சிறையிலிருந்தபோது சிறைச்சாலைக் குருவானவர் நல்ல மேய்ப்பனைப்பற்றிச் செய்த பிரசங்கத்தைக் கேட்டவர். எழுத்து வாசனை இல்லாதவராதலால் அதற்குமேல் அறியார். மரணப் படுக்கையிலிருந்த மனைவிக்கு அவர் சொல்லக்கூடியதாய் இருந்தது அச்சிறிதளவே. அவளோ தான் சிறுமியாய் இருந்தபோது ஒரு கிராமத்துப் புல்வெளியில் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் பாடக்கேட்ட ஒரு கீதத்தை அப்போது நினைந்து பாடினாளாம். அடுத்து அவள் இறந்தாள்; குழந்தையும் இறந்தது. தொற்றுநோயால் இறந்தவளாதலின், நள்ளிரவில் விளக்கு வெளிச்சத்தில் நார்ட்டன் கோயிற் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. ஊரார் துக்கங் கேட்க வரவில்லை. வருவதற்கு அவர்களுக்கு அங்கே ஊரும் இல்லை. ஊருக்கு வெளியே வாழ்வோர்க்கு நோய் வந்தால், அவர்கள் இன்னும் வெளியே தள்ளப்படுவர் என்பதை அவ்வைந்து வயதுப் பிள்ளை அங்கே கண்டது.

மனைவியை இழந்த கொர்நேலியுவின் உள்ளம் அமைதி பெறவில்லை. சில ஆண்டுகட்குப் பின் வண்டிகள் லண்டன் மேற்குப் பாகத்திலுள்ள லாட்டிமர் வீதி அருகே நின்றகாலத்து, அங்கிருந்த சிறிய மிஷன் கூட்டமொன்றில் அவர் மனந்திரும்பினார். அவருடைய சகோதரர் இருவரும், உட்லாக், பார்த்தலோமியு என்பார், அவ்வழி வந்தனர். மூவரும் வண்டிகளை ஓட்டிக்கொண்டு கிராமங்கள்தோறும் சென்று, பகலிற் கூடை விற்று, மாலையிற் பாடியும் பேசியும் வந்தனர். மூன்று ஜிப்ஸிச் சகோதரர் என அவர்களை நாடு அறிந்தது. மதுக்கடையில் ஒலித்த பிடில் இப்போது கிராமத்து மைதானத்தில் ஒலித்தது.

ரோட்னியோ பதினாறு வயது வரை மரக்கவ்வி விற்கும் பையன். வாசற்கதவைத் திறந்து சீமாட்டி ஒருத்தி மறுத்துரைப்பதற்குள் இன்னது சொல்லி அவளை நகைக்கச் செய்யவேண்டும் என்னும் வித்தையை அவன் கற்றது அத்தொழிலிலே. ஆயிரக்கணக்கானோர் முன் பின்னாளில் அவர் அஞ்சாது நின்றதற்கு வாசற்படி வியாபாரமே அடிப்படை என்பது எமது துணிபு. பெட்போர்டு நகரில் ஜான் பன்யன் சிலையையும், எல்ஸ்டோ கிராமத்தில் அவர் வாழ்ந்த இல்லத்தையும் ரோட்னி கண்டார். மோட்சப் பிரயாணம் எழுதிய பன்யன், பாத்திரத்திற்கு ஈயம் பூசும் தொழிலாளி. நம் ஹெ. ஆ. கிருஷ்ண பிள்ளையவர்கள் இரட்சணிய யாத்திரிகம் பாடுதற்கு மூலமாய் நின்ற நூல் அது என்பதை நாம் கூறவேண்டுவதில்லை. ஓட்டைச் சட்டி அடைத்தவன் ஒருவன் இவ்வளவு உயர்ந்தானாயின், கவ்வி செதுக்குபவன் ஏன் உயர்தல் கூடாது என்னும் எண்ணம் அச்சிறுவனுள்ளத்தே அங்கே வேரூன்றிற்று.

1876-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17-ஆம் நாள், கேம்பிரிட்ஜ் நகரில் பிட்ஸ்ராய் வீதியிலிருந்த பிரிமிட்டிவ் மெதடிஸ்து ஆலயத்தில் பிரசங்கத்தின் முடிவில் அவர் எழுந்து முன்னே சென்று முழந்தாளிட்டார். அப்போது அருகே யாரோ ஒருவர், வந்தவன் ஒரு ஜிப்ஸிப் பையன்தானே என்று தாழ்ந்த குரலிற் சொன்னது அவர் காதில் விழுந்தது. சொன்னவர் மறந்திருப்பார், கேட்டவர் மறக்கவில்லை. உலகப் புகழ் பெற்ற சர்வகலாசாலை ஒன்றிருக்கும் அந்நகரில், எழுத்தறியாத அப்பையன் அன்றிரவு தன் வண்டிக்குத் திரும்பிக் கல்வி கற்பதென உறுதிகொண்டான்.

அவர் கற்ற விதம் நம் மாணவர்க்கு வியப்பூட்டும். அவரிடம் இருந்த நூல்கள் மூன்றே: வேதாகமம், ஆங்கில அகராதி, வேத அகராதி. ஆசிரியர் இலர். கடைப் பலகைகளையும் வழிகாட்டும் கற்களையும் பார்த்து எழுத்துக்கூட்டினார். பிரசங்கம் செய்து பழகுவதற்குக் கேட்பவர் கிடையாமையால் டர்னிப் கிழங்குத் தோட்டத்தில் நின்று அக்கிழங்குகளுக்கே பிரசங்கித்தார். கிழங்குகள் இடையில் எழுந்து போகா என்பது அவற்றின்பால் உள்ள நன்மை.

1877-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் லண்டன் ஒயிட்சாப்பலில் கூடிய கிறிஸ்தவ மிஷன் மாநாட்டிற்கு ஜிப்ஸி உறவினர் சிலருடன் ரோட்னியும் சென்றிருந்தார். அம்மிஷனே மறு ஆண்டில் இரட்சணிய சேனை எனப் பெயர் பெற்றது. அதன் தலைவர் வில்லியம் பூத், கூட்டத்தில் இருந்த அவ்விளைஞரைக் கண்டு முன்னழைத்துப் பாடச்சொன்னார். பாட்டின் பின் சில சொற்களும் பேசக் கேட்டார். மாநாட்டின் முடிவில், ஊழியத்திற்கு வருமாறு அழைப்பாயிற்று. ஜூன் 25-ஆம் நாள் பதினேழு வயது ரோட்னி வண்டியை விட்டிறங்கினார். முன்பு வீட்டிற்குள் வாழ்ந்தறியாதவர். முதல் நாள் உணவு மேசையில் விரித்துவைத்த துணியைக் கைக்குட்டையென எண்ணிவிட்டார். பிறகு உடனிருந்தவரிடம், தமக்கு இவ்வழக்கங்கள் தெரியாவென்றும், கற்றுத்தருமாறும் வெளிப்படையாய்க் கேட்டுக்கொண்டார். அறியாமையை ஒளிப்பதிற் செலவாகும் முயற்சியை அவர் அதனைப் போக்குவதிற் செலவிட்டார்.

மேடையில் வேத பாகம் வாசிக்கவேண்டி வரும்போது இவர் கையாண்ட உபாயம் ஒன்று புகழ்பெற்றது. கடினமான சொல் எதிர்ப்படுவதைக் கண்டவுடன், அதற்கு முன்பே வாசிப்பை நிறுத்தி, படித்த அளவிற்கு விளக்கம் கூறத் தொடங்குவார்; விளக்கம் முடிந்தபின் அச்சொல்லிற்கு அப்பாலிருந்து வாசிப்பைத் தொடர்வார்! நம் வகுப்புகளில் இவ்வுபாயத்தைப் பின்பற்றுவோர் இன்னும் உளர். ஆனால் அவர்களுக்கு விளக்கங் கூறும் திறமை மட்டும் வாய்ப்பதில்லை.

அவரை ஊரூராய் விளம்பரப்படுத்தியபோது ஜிப்ஸிப் பையன் ரோட்னி என்றே சுவரொட்டிகள் கூறின. வேடிக்கை பார்க்க வந்தவரே முதலிற் பலர். கேம்பிரிட்ஜ் ஆலயத்தில் இழிவாகச் சொல்லப்பட்ட சொல், இப்போது மக்களை ஆலயத்திற்கு ஈர்க்கும் சொல்லாயிற்று. 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் விட்பி நகரத்து ஆனி பென்னக் என்னும் நங்கையை மணந்தார். அடுத்து ஹல், டார்பி முதலிய ஊர்களில் ஊழியம் செய்து, 1881-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஹான்லி என்னும் நகரை அடைந்தார். அது மட்பாண்டத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். புகை மண்டிய ஊர். அங்கே சந்தை வெளியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு பாடத் தொடங்கியவர், சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோரை ஒவ்வொரு வாரமும் ஈர்த்தார்.

அவருக்கு வந்த சோதனையும் ஹான்லியிலேதான். 1882-ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் அன்பின் அடையாளமாக அவருக்கு ஒரு பொற்கடிகாரம் அளித்தனர். சேனையின் உத்தியோகஸ்தர் பரிசு வாங்குதல் விதிக்கு மாறு. ஆகஸ்டு மாதத்தில் அவரைச் சேனையிலிருந்து நீக்கி ஆணை வந்தது. இதனைப்பற்றி இருதிறத்தும் பேசலாம். ஊழியர் பரிசு வாங்கத் தொடங்கினால் அதன் முடிவு எங்கே என்பது பூத் அவர்களின் கவலை, அது நியாயமே. ஆனால் பாத்திரம் வாங்கும் வாசலில் விரட்டப்பட்டே வளர்ந்த ஒருவருக்கு, ஒரு நகரம் கூடி நின்று தங்கத்தில் நன்றி கூறும்போது அதனை மறுத்தல் எத்துணைக் கடினம் என்பதையும் எண்ணல் வேண்டும். ஸ்மித் தம்மை நீக்கியவரை இகழ்ந்து திரிந்தாரல்லர். பூத் அவர்கள்பால் அவர் கொண்ட மதிப்புக் குறையவில்லை. ஹான்லி மக்களோ அவரை விடவில்லை. அவ்வூர்ச் சர்க்கஸ் கொட்டகையிலேயே 1886 வரை அவரை இருத்திக்கொண்டனர்.

பின் நடந்தவற்றை விரைந்து கூறுவோம். 1889-இல் முதன்முறை அமெரிக்கா சென்றார்; 1894-இல் ஆஸ்திரேலியா; 1904-இல் போர் ஓய்ந்த தென்னாப்பிரிக்கா. 1897 முதல் 1912 வரை இங்கிலாந்துச் சுயாதீன சபைகளின் ஐக்கிய சங்கத்தாருடைய விசேஷ சுவிசேஷகராய் இருந்தார். 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் சிக்காகோ நகரில் விபசார விடுதிகள் நிறைந்த வீதிகளின் வழியே இரவில் பல்லாயிரம் பேரை அணிவகுத்துப் பாடிச் செல்லுமாறு நடத்தினார். அவ்விடத்திற்கு இது விளம்பரமேயன்றி வேறில்லை என்று பத்திரிகைகள் கண்டித்தன. அக்கண்டனத்தை முற்றும் தவறென்று நாம் சொல்லமாட்டோம், ஏனெனில் அன்றுவரை அத்தெருவை அறியாத இளைஞர் பலர் அன்று அறிந்தனர். எனினும் மூன்றாண்டுக்குள், 1912-இல், அவ்விடுதிகளை அரசினர் மூடினர். முதல் உலகப்போரிற் பிரான்சு நாட்டுப் போர்முனையில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் சிப்பாய்களிடையே பணிபுரிந்தமைக்காக ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டம் அளித்தார்.

இவ்வளவு புகழும் வந்தபின் அவர் தம் குலத்தை விட்டு விலகினாரா என்பதே நாம் கேட்கவேண்டுவது. கேம்பிரிட்ஜில் அவர் கட்டி வாழ்ந்த இல்லத்தின் பெயர் ரோமானி தான். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன சொல் இதுவே. தாம் இழிவுரை கேட்ட அதே நகரத்தில், செங்கல்லாற் கட்டிய வீட்டின் வாசலில், ஜிப்ஸியின் தங்குமிடம் என்று அக்குலத்தின் மொழியிலேயே எழுதிவைத்தார். 1892-இல் எடின்பர்க் நகரத்து நண்பர்கள் துணையால் ஜிப்ஸி சுவிசேஷ வண்டி மிஷன் என்பதனைத் தொடங்கி, பாதையோரங்களில் தங்கும் தம் மக்களிடையே செல்லும்படி ஒரு வண்டியை அனுப்பினார். பிரசங்கத்தில் அவர் எடுத்தாண்ட உவமைகளும் கூடாரத்து உவமைகளே. வேலியோரத்துப் பூவும், வைகறையிற் பாடும் வானம்பாடியும், ஈர விறகு புகையும் அடுப்பும், இருளில் வண்டிவிளக்கைக் கண்டு வழியறிந்து வரும் குழந்தையும் அவர் பேச்சிற் புகுந்துவிடும். நூல் கற்றவர் பலர் நூலிலிருந்து பேசினர். இவர் தாம் வளர்ந்த பாதையிலிருந்து பேசினார். புகையுண்ட ஹான்லித் தொழிலாளிக்கு அப்பேச்சு அவன் பாட்டன் விட்டுவந்த கிராமத்தை நினைவூட்டிற்று.

அவர் காலத்திலேயே கோல்வில் ஊரினரான ஜார்ஜ் ஸ்மித் என்னும் வேறொருவர் இருந்தார், உறவினர் அல்லர். செங்கற்சூளைகளிலும் கால்வாய்ப் படகுகளிலும் உழைத்த சிறார்க்காகப் போராடி வென்ற நல்லவர். ஜிப்ஸியருடைய வண்டிகளையெல்லாம் பதிவுசெய்து, அதிகாரிகள் உள்ளே புகுந்து சோதிக்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கனுப்பவும் சட்டம் செய்ய 1880-களிற் பாராளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் முயன்றார். அம்மசோதா நிறைவேறவில்லை. அவர் நோக்கம் நன்றே. ஆனால் அவர் எழுத்தில் ஜிப்ஸியர் திருத்தப்படவேண்டிய பொருளாகவே தோன்றுகின்றனர், பேசத்தக்க மனிதராய் அல்லர். ஜிப்ஸி ஸ்மித் ஒரு சட்டமும் கொண்டுவரவில்லை. அவர் செய்தது, லட்சக்கணக்கான ஆங்கிலேயர் ஒரு ஜிப்ஸியின் வாயைப் பார்த்து மணிக்கணக்காய் அமர்ந்திருக்கும்படி செய்ததே. இவ்விரண்டில் எது பெரிது என்பதை நேயர் தீர்மானிக்க விடுகின்றோம். அவர்மீது ஒரு குறையும் கூறலாம்: தம் மக்களைப் பாதையோரத்திலிருந்து விரட்டிய சட்டங்களை எதிர்த்து, தமக்கிருந்த பெருஞ்செல்வாக்கை அவர் பயன்படுத்தியது குறைவே. மனம் மாறினால் மற்றவை தாமே மாறும் என்பது அவர் கொள்கை. பாதையோரங்களோ தாமே திறந்தனவல்ல.

அவர் தந்தை தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து, மைந்தன் புகழையெல்லாம் கண்டு மறைந்தார். மனைவி ஆனி 1937-இல் இறந்தார். மறு ஆண்டு, எழுபத்தெட்டாம் வயதில், அமெரிக்காவில் இருபத்தேழு வயது நிரம்பிய மேரி ஆலிஸ் ஷா என்பாரை அவர் மணந்தபோது ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. அப்பெண்மணியோ முதியவரை இறுதிவரை உடனிருந்து பேணினார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ஆம் நாள், இன்னொருமுறை அமெரிக்கா செல்லுங்கால், குவீன் மேரி என்னும் கப்பலில், நடுவழியிலேயே மாரடைப்பால் உயிர்நீத்தார். வயது எண்பத்தேழு. பிரயாணத்திற் பிறந்தவர் பிரயாணத்திலேயே இறந்தார்.

அவர் மறைந்தபின் அவர் மக்களுக்கு நேர்ந்ததையும் சிறிது கூறுவோம். பிளாஸ்டிக் கவ்வியும் அறுவடை இயந்திரமும் வந்தபின், பழைய தொழில்கள் ஒவ்வொன்றாய் நின்றன. குதிரை பூட்டிய வண்டிகட்கு மோட்டார் வண்டிகள் மாற்றாயின. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் வயல்களிலும் அவர்கள் வண்டி நிறுத்துவதை அரிதாக்கிற்று. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கட்கு இடம் அமைத்துக்கொடுப்பது உள்ளூர் ஆட்சி மன்றங்களின் கடமை என்றது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையை நீக்கிற்று. 1971-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 8-ஆம் நாள் லண்டனுக்கு அருகே கூடிய முதல் உலக ரோமானி மாநாட்டில், நீலமும் பச்சையுமான கொடியின் நடுவே ஒரு சக்கரத்தைப் பொறித்து ஏற்றுக்கொண்டனர். நம் தேசத்துப் பிரதிநிதியும் அங்கே இருந்தார். லண்டன் மதுக்கடை ஒன்றின் வாசலில் நாடோடிகளுக்கு அனுமதியில்லை என்று தொங்கவிட்ட பலகையைப்பற்றி எழுந்த வழக்கில், ஜிப்ஸியர் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட ஓர் இனத்தாரே என 1988-ஆம் ஆண்டு மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 முதல் ஜூன் மாதந்தோறும் ஜிப்ஸியர், ரோமா மக்கள், அயர்லாந்து நாடோடியர் ஆகியோருடைய வரலாற்று மாதம் பிரிட்டனில் அனுசரிக்கப்படுகின்றது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில்தான் தம் குலத்தைக் குறிக்க அவர்களுக்கு முதன்முறை ஒரு கட்டம் அளிக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ 58,000 பேர் அதில் தம்மைப் பதிந்தனர். பதியாதவர் பலர் என்பர். பெயரை வெளியிட அஞ்சும் பழக்கம் நானூறாண்டுப் பழக்கமன்றோ?

1949-ஆம் ஆண்டில் எப்பிங் காட்டில், ரோட்னி பிறந்த கூடாரம் நின்ற பக்கத்தில், அவர் நினைவாக ஒரு கல்லை நாட்டினர். அக்காடு லண்டன் மாநகராட்சியின் பாதுகாப்பில் இருக்கின்றது. விடுமுறை நாட்களில் மக்கள் குழந்தைகளோடு அங்கே உலாவி அக்கல்லைப் படித்துச் செல்கின்றனர். கூடாரம் அடிக்க அங்கே அனுமதியில்லை.